செர்மாட்டில் எங்கே தங்குவது: தெற்கு ஜன்னலா, டேஷா, மலை உச்சியா?

சுவிட்சர்லாந்தின் மலை ஊரான செர்மாட்டில் அறை தேட உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது நட்சத்திரங்களும் விலையும்தான். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள்: விடிகிற நேரத்தில் நான் எங்கே இருப்பேன்? அந்த ஊரில் இரவு தங்குவதற்குக் காரணமே அந்த ஒரு மணி நேரம்தான்.

மேட்டர்ஹார்ன் மலை (4,478 மீட்டர்) ஊருக்குத் தென்மேற்கே நிற்கிறது. ஊரிலிருந்து தெரிவது அதன் கிழக்கு முகமும் வடக்கு முகமும். இரண்டுக்கும் நடுவே நம்மைப் பார்த்து இறங்கி வருவது ஹோர்ன்லி முகடு. காலைச் சூரியன் கிழக்கு முகத்தில் நேராக விழும். பள்ளத்தாக்கில் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே உச்சி மட்டும் சிவக்கும், பிறகு அந்த நிறம் மெல்லக் கீழே இறங்கும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்பக்கம் போய்விடுவதால் அதே மலை கறுத்து, தட்டையாகத் தெரியும். கோடையில் அந்த நேரத்துக்கு மேகமும் வந்து உச்சியில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு சுவிஸ் சுற்றுலா ஊரான இன்டர்லாகனிலிருந்து ஒரே நாளில் போய்விட்டு வருகிறவர்கள் "மலையே தெரியலை" என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான். ஷ்பீட்ஸ், ஃபிஸ்ப் வழியாகப் போக ஒரு பக்கத்துக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காலை உணவு முடித்துக் கிளம்பினால் நல்ல வெளிச்சம் போன பிறகுதான் போய்ச் சேர்வீர்கள். ஒரு நாள் பயணம் என்ற யோசனையை நான் இங்கேயே தள்ளிவிடுகிறேன். தங்குவதென்றால் எங்கே என்பதுதான் மீதிப் பேச்சு.

ஸ்டேஷன் தெரு

ரயில் நிலையத்திலிருந்து தேவாலயம் வரை போகிற பான்ஹோஃப்ஸ்ட்ராஸேதான் ஊரின் கடைத்தெரு. பழைய பெரிய ஹோட்டல்கள் எல்லாம் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன: மோண்ட் செர்வின் பேலஸ், செர்மாட்டர்ஹோஃப், மோன்டே ரோசா. 1865 ஜூலையில் எட்வர்ட் விம்பர் மேட்டர்ஹார்னில் முதன்முதலாக ஏறப் புறப்பட்டது மோன்டே ரோசாவிலிருந்துதான். உச்சியைத் தொட்டவர்கள் ஏழு பேர், உயிரோடு இறங்கியவர்கள் மூன்று பேர். அந்த வரலாற்றுக்காகவே அங்கே தங்க விரும்புகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை, ஆனால் ஆசைப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்தத் தெருவின் வசதி அதன் நெருக்கம்தான். ஊருக்குள் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஓடுவதெல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கும் சின்ன மின்சார வண்டிகள். சில ஹோட்டல்கள் தங்கள் வண்டியை ஸ்டேஷனுக்கே அனுப்பும், சில அனுப்பாது. எதுவும் வராவிட்டாலும் இந்தத் தெருவில் பெட்டியை உருட்டிக்கொண்டே போய்விடலாம். மலை மேலே ஏறிப் போகும் கோர்னர்கிராட் ரயில் கிளம்பும் இடம் பிரதான ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது. இரவு தாமதமாக வந்து சேர்கிறவர்களுக்கும், முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டி வருகிறவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது.

சிக்கல் ஜன்னலில் இருக்கிறது. கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதால், மேல் மாடியில் தெற்கு பார்த்த சில அறைகளைத் தவிர மற்றவற்றுக்கு எதிர்க் கட்டடத்தின் பால்கனிதான் காட்சி. நம் ஊரில் கிழக்கு பார்த்த வாசலுக்குக் கூடுதல் விலை சொல்வதுபோல இங்கே தெற்கு பார்த்த ஜன்னலுக்கு. அந்தக் கூடுதல் தொகை சில ஹோட்டல்களில் கணிசமானது.

என் பரிந்துரை கொஞ்சம் கஞ்சத்தனமானது. இந்தத் தெருவில், வடக்கு பார்த்த மலிவான அறையை எடுங்கள். விடியும் முன் எழுந்து தேவாலயத்துக்கு அருகே ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு நடந்துவிடுங்கள். ஸ்டேஷனிலிருந்தே பத்து நிமிட நடைதான். பல ஹோட்டல் பால்கனிகளில் கிடைக்காத முழுக் காட்சி அங்கே இலவசம். முக்காலிகளோடு வரிசையாக நிற்பவர்களுக்கு நடுவே இடம் பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஜூன் கடைசியில் என்றால் ஐந்தரை மணிக்கெல்லாம் அங்கே இருக்க வேண்டும். அக்டோபர் நடுவில் ஏழரை மணி வாக்கில் போதும்.

அந்தப் பாலத்துக்கு நடக்க முடியாதவர்கள், கைக்குழந்தையோடு இருப்பவர்கள், குளிர்காலத்தில் போகிறவர்கள் ஜன்னலுக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தக் காட்சிக்குக் கொடுக்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 'மேட்டர்ஹார்ன் வியூ', 'பகுதிக் காட்சி', 'தெற்குப் பக்கம்', 'மலைக் காட்சி' எல்லாம் வேறு வேறு. 'மலைக் காட்சி' என்றால் ஏதோ ஒரு மலை. அந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் ஜன்னல் வைத்தாலும் மலைதான் தெரியும்! 'பகுதிக் காட்சி' என்றால் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டியிருக்கலாம். முன்பதிவு செய்யும் முன் ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: எந்த மாடி, எந்தத் திசை, கட்டிலில் படுத்தபடியே உச்சி தெரியுமா? நேராகக் கேட்டால் பெரும்பாலும் நேராகவே பதில் சொல்வார்கள்.

ஆற்றுக்கு அக்கரையும் விங்கல்மாட்டனும்

ஆற்றின் கிழக்குக் கரையில் சரிவு ஏறத் தொடங்குகிறது. ஸ்டைன்மாட்டே, வீஸ்டி பக்கம் இருக்கும் ஹோட்டல்கள் சற்றே உயரத்தில் இருப்பதால் ஊர்க் கூரைகளுக்கு மேலாக மலை தெரியும். மூன்று நட்சத்திர ஹோட்டலில் நல்ல ஜன்னல் வேண்டுமென்றால் தேட வேண்டிய இடம் இதுதான். மலை மேலே இருக்கும் சுனேகாவுக்குப் போகும் சுரங்க ரயிலும் இந்தக் கரையில்தான் கிளம்புகிறது. ஆனால் படியும் ஏற்றமும் உண்டு. வரைபடத்தில் ஐந்து நிமிடம் என்று காட்டுவது பெட்டியோடு ஏறும்போது கால் மணி நேரம். பனிக்காலத்தில் சரிவு வழுக்கவும் செய்யும்.

இன்னும் தெற்கே போனால் விங்கல்மாட்டன். தனியாக ஒரு சிறிய தேவாலயம், மர வீடுகள், புல்வெளி என்று அமைதியான இடம். மலை கடைத்தெருவில் இருப்பதைவிட நெருக்கமாகத் தெரியும். 3,883 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிளைன் மேட்டர்ஹார்ன் என்ற வேறொரு உச்சிக்குப் போகும் கேபிள் கார் நிலையம் இங்கிருந்து பக்கம், எனவே பனிச்சறுக்குக்காரர்கள் இந்தப் பக்கத்தை விரும்புவார்கள். 2023 முதல் அந்த உச்சியிலிருந்து கேபிள் காரிலேயே எல்லை தாண்டி இத்தாலியின் செர்வீனியாவுக்கு இறங்கவும் முடிகிறது. ஸ்டேஷனுக்குப் போக மின்சார பஸ் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு முறையும் கடைத்தெருவுக்கு நடப்பது அலுக்கும் என்பதால் இங்கே தங்கினால் இரவு உணவையும் சேர்த்து எடுக்கலாம். கடைத்தெருவில் தங்கினால் சேர்க்காதீர்கள், வெளியே இஷ்டப்பட்டதைச் சாப்பிடுங்கள். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும். "மீன் சாப்பிடுவீர்களா" என்று பதில் கேள்வி வந்தால் அதற்கும் தெளிவாக எழுதுங்கள்.

இரண்டு இரவுக்கு மேல் தங்குகிறவர்களுக்கு, கால் நன்றாக இருந்தால், என் ஓட்டு இந்தப் பக்கத்துக்கே.

டேஷ்

கார் எடுத்து வருகிறவர்கள் எப்படியும் ஐந்து கிலோமீட்டர் முன்னால் டேஷில் நிறுத்தத்தான் வேண்டும். அங்கிருந்து இருபது நிமிடத்துக்கு ஒரு ரயில், பன்னிரண்டு நிமிடப் பயணம். "அப்படியானால் டேஷிலேயே தங்கிவிடலாமே, விலையும் குறைவு" என்று எல்லாருக்கும் தோன்றும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாடு முழுக்க ரயிலில் போக உதவும் சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் அந்த ரயிலுக்குத் தனிக் காசு இல்லை. இல்லாவிட்டால் நான்கு பேர் குடும்பம் தினமும் போய் வருவதிலேயே அறையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு கரையும். அதைவிடப் பெரிய குறை, டேஷிலிருந்து மேட்டர்ஹார்ன் தெரியாது. விடியலைப் பார்க்க வேண்டுமென்றால் இருட்டிலேயே எழுந்து ரயிலைப் பிடிக்க வேண்டும். முதல் நாள் உற்சாகத்தில் செய்வோம், இரண்டாம் நாள் போர்வையை இழுத்துக்கொள்வோம். செர்மாட்டின் வாடகை தாங்காமல் ஹோட்டல் ஊழியர்கள் பலர் குடியிருக்கும் ஊர் இது. அவர்களில் போர்த்துகீசியர்கள் அதிகம். வாழ்வதற்கு நல்ல ஊர்தான், சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு அங்கே வேலை இல்லை. வாடகைக் காரில் நாடு முழுக்கச் சுற்றுகிறவர், இரவு பத்து மணிக்கு வந்து தூங்கி எழுந்து மறுநாள் ஊருக்குள் போகிறவர் என்றால் மட்டும் டேஷ் சரி.

உச்சியில் ஒரு இரவு

கோர்னர்கிராட் ரயில் 1898 முதல் ஓடுகிறது. பற்சக்கரம் பொருத்தி மின்சாரத்தில் ஓடிய முதல் சுவிஸ் ரயில் அது. சுமார் அரை மணி நேரத்தில் 3,089 மீட்டருக்குப் போய்விடும். மேலே போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள். உச்சியில் குல்ம்ஹோட்டல் இருக்கிறது, அதற்குக் கீழே ரிஃபல்பெர்க்கில் 1850-களில் எழுந்த பழைய விடுதியான ரிஃபல்ஹவுஸ், இன்னும் கீழே ரிஃபல்ஆல்ப் ஹோட்டல்.

விலையைப் பார்த்தால் மூச்சு முட்டும், ஆனால் இதில் ஒரு நியாயம் உண்டு. கோடையில் வழக்கமான முதல் ரயில் மேலே போகும் முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. ரோட்டன்போடன் நிறுத்தத்துக்குக் கீழே ரிஃபல்சே என்ற சின்ன ஏரி இருக்கிறது. காற்று அடிக்காத காலையில் மேட்டர்ஹார்ன் அதில் தலைகீழாக விழும். அந்தப் படத்தை முதல் வெளிச்சத்தில் பார்க்க ஜூன், ஜூலையில் சுலபமான வழி மேலேயே தூங்குவதுதான். செப்டம்பர் கடைசியில் சூரியன் தாமதமாக வருவதால் ஊரில் தங்கி முதல் ரயிலைப் பிடித்தாலும் ஓரளவு சமாளிக்கலாம். அந்த வாரத்துக்கான கால அட்டவணையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் உச்சி ஹோட்டல் கோடையில் காசுக்குத் தகும், இலையுதிர் காலத்தில் அவ்வளவாக இல்லை. கடைசி ரயில் இறங்கிய பிறகு மேலே மிஞ்சுவது ஹோட்டல் விருந்தினர்கள் மட்டுமே, அதுவும் விலையில் சேர்த்திதான்.

உடம்பையும் யோசிக்க வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் தூங்கும்போது தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வருவது சாதாரணம். கடல் மட்டத்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கி மறுநாளே 3,100 மீட்டரில் படுப்பது புத்திசாலித்தனம் இல்லை. முதலில் 1,600 மீட்டரில் இருக்கும் ஊரில் ஓரிரு இரவு, அதற்குப் பிறகு மேலே. இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். 2,222 மீட்டரில் இருக்கும் ரிஃபல்ஆல்ப் இந்தக் கவலையைக் குறைக்கும், ஆனால் அது ஐந்து நட்சத்திரம். எங்கே தங்கினாலும் கோர்னர்கிராட் போகத்தான் போகிறீர்கள் என்பதால் ரயில் செலவைத் தனியாக வையுங்கள். கோடை உச்சத்தில் போய்வர ஆளுக்கு 100 பிராங்கைத் தாண்டும். டிராவல் பாஸ் இருந்தால் பாதி.

அபார்ட்மென்ட்

மூன்று நான்கு இரவு, நான்கு பேர், நடுவில் ஒரு வேளையாவது சோறு வேண்டும் என்றால் ஹோட்டலை மறந்துவிட்டு அபார்ட்மென்ட் பாருங்கள். கோப், மிக்ரோஸ் இரண்டு பல்பொருள் அங்காடிகளும் ஊருக்குள் இருக்கின்றன. அரிசி, தயிர், காய்கறி கிடைக்கும், பெருங்காயத்தை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினியக் குக்கர் வேலை செய்யாது, கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை எச்சரிக்கை மணி பொல்லாதது. பண்டிகைக் காலத்திலும் பிப்ரவரியிலும் பல வீடுகள் சனி முதல் சனி வரைதான் கிடைக்கும். கடைசித் துப்புரவுக் கட்டணம் தனியாக வரும், அதை இரவுக்கணக்கில் வகுத்துச் சேர்த்த பிறகே ஹோட்டல் விலையோடு ஒப்பிடுங்கள். எங்கே தங்கினாலும் ஆளுக்கு, இரவுக்கு என்று சுற்றுலா வரி உண்டு. பல முன்பதிவுத் தளங்கள் காட்டும் விலையில் அது இருக்காது.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மாதத்தை முதலில் உறுதி செய்யுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுக்கவும், மறுபடி அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பரிலும் பல ஹோட்டல்களும் உணவகங்களும் மூடிவிடும். அப்போது கிடைக்கும் மலிவு விலைக்குக் காரணம் அதுதான். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் கேட்பார்கள், எனவே இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். ரத்து செய்யக் கடைசி நாள் எது என்பதை மட்டும் விசா நேர்காணல் தேதியோடு வைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் சில ஹோட்டல்கள் அந்தக் கெடுவை வாரக்கணக்கில் முன்னால் வைக்கின்றன, விசா வரும் முன்பே அது தாண்டிப் போய்விடக்கூடும்.