அழகர் பட்டின் பச்சைக்கு டாவின்சியா, பிரீமியரா?

அழகர் வைகையில் இறங்குவதை விடிகாலையில் வீடியோ எடுத்தால் பட்டின் பச்சை மங்கித்தான் விழும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஒரு நோடு (நிறத் திருத்தத்தின் ஒரு படி) போட்டு, குவாலிஃபையரால் (ஒரு நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும் கருவி) அந்தப் பச்சையை மட்டும் பிடித்து ஏற்றலாம். அடுத்த நோடில் முகநிறம். கூட்டத்தில் பச்சைச் சேலை ஏதாவது மாட்டினால் அழகரைச் சுற்றிப் பவர் விண்டோ (திருத்தம் விழ வேண்டிய இடத்தின் எல்லை) வரைந்து, அவர் நகர அதுவும் நகரும்படி டிராக் செய்துவிடலாம். இன்னொரு எடிட்டிங் மென்பொருளான பிரீமியரின் நிறத் திருத்தக் கருவி லுமெட்ரியிலும், ஒரு நிறத்தை மட்டும் பிடிக்க எச்எஸ்எல் செகண்டரி உண்டு. ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் இன்னொரு லுமெட்ரியை அடுக்க வேண்டும், எது எதற்கென்று தலை சுற்றும்.

செலவு? பிரீமியருக்குச் சந்தா. ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே 4கே கிடைக்கும். இருட்டுக் காட்சிக்கு வேண்டிய நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிகள்) குறைப்பு மட்டும் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பில்தான்.

மறுநாளே கொடுக்க வேண்டிய கல்யாண வீடியோ என்றால் சரி, பிரீமியர். திருவிழாவுக்கு என் ஓட்டு ரிசால்வுக்கே. நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் மட்டும் அதைத் திறக்காதீர்கள்.