அம்மாவோட ஹார்ட் கட்டி ஆபரேஷன், 4 ஸ்டார்
படுத்தா மூச்சு முட்டுது, எந்திரிச்சு உக்காந்தா பரவால்லன்னு அம்மா ஆறு மாசமா சொல்லிட்டே இருந்தாங்க, முன்னாடி பாத்த இடத்துல கேஸ் ட்ரபிள்னு மாத்திரை குடுத்தே ஓட்டிட்டாங்க. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னைக்கே எக்கோ, அதான் இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன், எடுத்து ஸ்கிரீன்லயே காட்டுனாங்க, இடது மேல் அறையில ஒரு உருண்டை, ஒவ்வொரு துடிப்புக்கும் கீழ் அறைக்குப் போற மைட்ரல் வால்வு வாசல்ல எட்டிப் பாத்துட்டு உள்ள போகுது, பாத்ததும் எனக்கு கை காலே ஓடல. மிக்ஸோமாவாம், இதயத்துக்குள்ள வளர்ற ஒரு வகைக் கட்டி. துண்டு பிச்சுட்டுப் போனா ஸ்ட்ரோக் வந்துரும்னு ரெண்டே நாள்ல ஓபன் ஹார்ட். கட்டி ஒட்டியிருந்த தடுப்புச் சுவரையும் சேத்து வெட்டி, இதயத்தச் சுத்தி இருக்குற சவ்வுலயே ஒட்டுப் போட்டாங்க, கிழிஞ்ச துணிக்குப் போடுவோமே அப்படி. பயாப்சியிலயும் கேன்சர் இல்ல. டிஸ்சார்ஜ் பேப்பருக்குத்தான் அஞ்சு மணி நேரம் உக்கார வச்சாங்க, அதுக்கு ஒரு ஸ்டார் கட். திரும்ப வளருதான்னு பாக்க வருஷா வருஷம் எக்கோவுக்கு வரச் சொல்லிருக்காங்க.