குளிர்பெட்டியைக் கண்காணிக்க எது? நோட்டுப் புத்தகமா, வைஃபையா, சிம் கார்டா?

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் இட்லி மாவு, தயிர், பன்னீர், உறைந்த பரோட்டா, கோழி இறைச்சி என்று விற்கும் கடை எங்களுடையது. ஒரு சிறிய குளிர் அறை, கண்ணாடிக் கதவுக் கூலர்கள், டீப் ஃப்ரீசர்கள் இருக்கின்றன. கோடை தொடங்கும் முன் இவற்றின் வெப்பநிலையைக் கண்காணிக்க ஓர் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. கடைவீதியில் கிடைக்கும் வழிகளை எல்லாம் பார்த்துவிட்டு, சிம் கார்டு போடும் கருவியை வாங்கினேன். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விதி அனைவரும் அறிந்ததுதான். குளிர்ந்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்குள், உறைந்த உணவு மைனஸ் 18 அல்லது அதற்கும் கீழே. மாங்காய்ப் பருவத்தில் இங்குள்ள கூழ் ஆலைகள் அசெப்டிக் (கிருமி நீக்கிய) பைகளில் அடைத்துவிடுவதால் அந்தக் கூழ் வெளியிலேயே மாதக்கணக்கில் கிடக்கும். நம் சரக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாவு புளித்தால் மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். கோழியில் சால்மோனெல்லா கிருமி பெருகினால் நிறமும் மாறாது, வாடையும் வராது.

முதல் வழி, நோட்டுப் புத்தகமும் ஒரு தெர்மோமீட்டரும். செலவு சில நூறு ரூபாய். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தால் காட்ட இது போதும். இன்றும் பெரும்பாலான கடைகளில் இதுதான். காலை, மாலை பார்த்து எழுதுகிற பையன் ஒழுங்கானவனாக இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதம் முழுக்க ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், 4, 4, 4 என்று நிரம்பிய பக்கங்களை நானும் சில கடைகளில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, யு.எஸ்.பி. லாகர் என்னும் சிறிய பதிவுக் கருவி. குளிர்பெட்டிக்குள் போட்டுவிட்டால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே பதிந்துகொள்ளும். பிறகு கணினியில் செருகினால் வரைபடம் வரும். ஓசூரிலிருந்து ரோஜா ஏற்றிப் போகும் குளிர்சாதன வண்டிக்கு இது அருமையான பொருள். சரக்கு இறங்கியதும் வழியில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். கடைக்கு அது உதவாது. நடந்து முடிந்ததை மறுநாள் படித்து என்ன செய்ய?

உண்மையான போட்டி வைஃபை கருவிக்கும் சிம் கருவிக்கும் இடையில்தான். இரண்டும் வெப்பநிலையை உடனுக்குடன் நமக்குத் தெரிவிப்பவை; ஒன்று கடையின் இணையம் வழியே, மற்றது தனக்குள் இருக்கும் சிம் கார்டு வழியே. விற்பவர்கள் துல்லியம், செயலியின் அழகு, வரைபடத்தின் நிறம் என்று பேசுவார்கள். துல்லியத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: கரன்ட் போனால் இந்தக் கருவி என்ன செய்யும்?

நம் பகுதியில் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் காற்றோடு வரும் கோடை மழை மாமரக் கிளைகளை முறித்து மின்கம்பிமேல் போடும். பராமரிப்புக்காக அறிவித்துவிட்டு நிறுத்தும் பகல் மின்தடை தனி. அதற்கு முன்கூட்டியே ஐஸ் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பயப்பட வேண்டியது நள்ளிரவு மின்தடைக்குத்தான்.

ஒரு மணிக்குப் போன மின்சாரம் ஐந்து மணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறரைக்குக் கடை திறந்து தெர்மோமீட்டரைப் பார்த்தால் 4 டிகிரி காட்டும். காரணம், மின்சாரம் வந்ததும் முதலில் குளிர்வது உள்ளே இருக்கும் காற்று. பன்னீர்க் கட்டியின் நடுப்பகுதியோ கோழிப் பொட்டலமோ அந்த வேகத்தில் இறங்காது. நோட்டில் 4 என்று எழுதுவதும் பொய்யல்ல. ஆனால் இரவில் நடந்தது அதில் இருக்காது. மூடிய கதவோடு குளிர்பெட்டி சுமார் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரை தாங்கும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்புத் துறையினர் வீடுகளுக்குச் சொல்லும் கணக்கு. கண்ணாடிக் கதவுக் கூலருக்கு அவ்வளவு நேரம் நான் கொடுக்க மாட்டேன். எப்படியானாலும் மின்சாரம் எப்போது போனது என்று தெரிந்தால்தானே கணக்குப் போட முடியும்?

வைஃபை கருவி இங்கேதான் கைவிடுகிறது. கடையில் மின்சாரம் போனதும் ரவுட்டரும் அணைந்துவிடும். கருவிக்குள் பேட்டரி இருந்தாலும் செய்தி வெளியே போக வழியில்லை. ரவுட்டரை இன்வெர்ட்டரில் இணைத்தால் போதும் என்பார்கள். நம் தெருவில் இணைய இணைப்பு எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கம்பத்தில் தொங்கும் பெட்டியிலிருந்து வருகிறது. அந்தப் பெட்டிக்கும் அதே தெரு மின்சாரம்தான்.

சில வைஃபை நிறுவனங்களின் சர்வர், கருவியிடமிருந்து தகவல் நின்றுவிட்டால் 'தொடர்பில் இல்லை' என்று செய்தி அனுப்புகிறது. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். ஆனால் இணையம் போனாலும் இதே செய்தி, மின்சாரம் போனாலும் இதே செய்தி. வாரத்தில் பாதி நாள் இணையம் விட்டு விட்டு வரும் இடத்தில் அந்தச் செய்தியை யார் மதிப்பார்கள்?

சிம் கருவியில் பேட்டரி உண்டு. மின்சாரம் நின்றால் அதையே ஓர் அபாயமாக எடுத்துக்கொண்டு என் கைப்பேசிக்கு அழைக்கும். குறுஞ்செய்தி அல்ல, அழைப்பு, அதுதான் முக்கியம். இரவு ஒரு மணிக்குக் குறுஞ்செய்திக்கு எழுந்தவர் யாரும் இல்லை. அரசின் தடுப்பூசிக் குளிர்பெட்டிகளிலும் சிம் வழிதான். 2015இல் தொடங்கிய ஈவின் (eVIN) என்னும் தடுப்பூசிக் கண்காணிப்புத் திட்டத்தில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய தடுப்பூசிகளைக் கண்காணிப்பது சிம் வழியே தகவல் அனுப்பும் கருவிகள்.

இதற்கும் தொல்லைகள் உண்டு. மலிவான கருவிகள் பல 2ஜியில் மட்டும் ஓடுபவை. ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது என்பதால் அந்த சிம் அதில் வேலை செய்யாது. ரீசார்ஜ் தேதி தவறினால் கருவி ஊமையாகிவிடும். குளிர் அறையின் சுவர் இரும்புத் தகடு போர்த்திய பஃப் பேனல் (வெப்பம் புகாத நுரைப் பலகை). கருவியை உள்ளே வைத்தால் சிக்னல் கிடைக்காது. பெட்டியை வெளியே மாட்டி, சென்சார் ஒயரை மட்டும் உள்ளே விட வேண்டும். பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். என்னுடையது இன்னும் புதிது.

எந்தக் கருவி வாங்கினாலும் சென்சாரை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் அலறும். இரண்டே நாளில் அலாரத்தை அணைத்துவிடுவீர்கள். நான் ஒரு பழைய இருமல் மருந்துப் புட்டியின் மூடியில் துளையிட்டு, உள்ளே கிளிசரின் ஊற்றி, சென்சாரை அதில் மூழ்கவிட்டு, நடுத்தட்டில் தயிர் டப்பாக்களுக்கு இடையில் வைத்திருக்கிறேன். காற்றின் துள்ளல் அடங்கி, சரக்கின் சூட்டுக்கு நெருக்கமான எண் கிடைக்கிறது. ஃப்ரீசரில் தானாகப் பனி உருக்கும் வசதி இருந்தால் அந்த நேரத்தில் வெப்பநிலை சற்று ஏறத்தான் செய்யும். அலாரத்துக்கு அரைமணித் தாமதம் வையுங்கள்.

கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்ப்பது எளிது. நொறுக்கிய ஐஸை டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சென்சாரை அதில் வைத்தால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100 பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். ஓசூர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். பாவம், நல்ல கருவியைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுப்பீர்கள்.

குளிர்பெட்டிகளின் மின்செலவைக் குறைக்கும் விஷயத்தில் வைஃபையும் சிம்மும் சமம். வரைபடம் தருவது எதுவானாலும் உதவும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் எந்தப் பெட்டி அதிகம் இழுக்கிறது என்று அதிலிருந்து தெரியாது. இரவு நேர வரைபடத்தில் தெரியும். கடை மூடியபின் கம்ப்ரெசர் ஓடும்போது கோடு இறங்கும், ஓயும்போது ஏறும். கோலத்தின் வளைவுபோல ஒரே சீராக வர வேண்டும். எங்கள் கூலர் ஒன்றில் அந்த ஓய்வு நேரம் சிறுகச் சிறுகக் குறைந்துகொண்டே வந்தது. அடித்தட்டைக் கழற்றினால், சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் முழுக்க அரிசி மாவுத் தூசி, பஞ்சு மெத்தை கனத்துக்கு. பிரஷ் போட்டுத் துடைத்ததும் ஓய்வு நேரம் திரும்ப வந்தது. கதவு ரப்பர் தளர்ந்தாலும் கேஸ் கசிந்தாலும் இதே அறிகுறிதான். எது என்று மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. எண் கண்ணில் படாதவரை பயத்தில் எல்லோரும் 0, 1 என்று திருகி வைக்கிறோம். 3 டிகிரியில் சீராக நிற்கிறது என்று தெரிந்தபின் அந்த வீண் குளிர் வேண்டியதில்லை. தயிரும் ஓரத்தில் உறையாமல் இருக்கிறது.

காய்கறிக்காக நடத்தும் பெரிய குளிர்பதனக் கிடங்குகளுக்கு இந்த ஒற்றைச் சென்சார் அனுபவம் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஜெனரேட்டரும் இரவுக் காவலரும் உள்ள இடத்தில் என் வாதத்தின் பாதி பலம் போய்விடும். அங்கே பல சென்சார்களை ஒரே திரையில் காட்டும் வைஃபை ஏற்பாடே வசதியாக இருக்கலாம். ஒரே ஒரு கூலர் வைத்திருக்கும் பெட்டிக்கடைக்கு நோட்டும் தெர்மோமீட்டரும் போதும்.

நடுத்தரக் கடைக்காரர்கள் வாங்கும்போது, உங்கள் எண்ணைக் கருவியில் பதியவைத்து, விற்பவர் கண்முன்னே பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். கைப்பேசி அடிக்கட்டும், பிறகு பணத்தை எடுங்கள். "செயலியில் வரும் சார்" என்று இழுத்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.