பிரிந்திருக்கும் குடும்பத்தின் காகிதங்கள்: புதுச்சேரியில் ஓர் ஆவண மொழிபெயர்ப்பு அலுவலகம்

புஸ்ஸி வீதியை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இயங்கும் ஆவண மொழிபெயர்ப்பு அலுவலகம் ஒன்றுக்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஐந்து சனிக்கிழமைகள் சென்று வந்தேன். அவர்கள் செய்து கொடுத்த வேலை எங்கள் குடும்பத்துக்குப் பெரிய உதவியாக இருந்தது. அதே அலுவலகத்தில் சொல்லப்பட்ட ஒரு சொல் எங்கள் வீட்டில் ஆறாத வருத்தத்தையும் உண்டாக்கியது. இரண்டையும் எழுத வேண்டியிருப்பதால் அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. இத்தகைய அலுவலகங்கள் புதுச்சேரியில் பல இருக்கின்றன. எதைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு என் அனுபவம் பயன்படலாம்.

நான் கடலூரில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை. கணவர் அமெரிக்காவில் டாலஸ் நகரில் ஹெச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் மென்பொருள் வேலை பார்க்கிறார். அவருடைய நிறுவனம் அவருக்காகக் கிரீன் கார்டுக்கு, அதாவது நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு, விண்ணப்பித்தது 2012ஆம் ஆண்டின் இறுதியில். அந்த நாள்தான் எங்கள் பிரியாரிட்டி டேட், அதாவது வரிசையில் எங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி. வேலைவாய்ப்பு அடிப்படையில் அந்நாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 குடியேற்ற விசாக்களையே ஒதுக்குகிறது. மனைவி, பிள்ளைகளும் அந்த எண்ணிக்கைக்குள்தான் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் பொதுவாகக் கிடையாது என்பதால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீண்டு கிடக்கிறது. எந்தத் தேதி வரை வரிசை நகர்ந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் எங்கள் தேதி வந்துவிட்டதா என்று பார்ப்பது, வீட்டில் நாள்காட்டித் தாளைக் கிழிப்பதைப் போன்ற பழக்கமாகிவிட்டது. நான் வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். பெற்றோருக்கும் மாமியாருக்கும் துணை நான் ஒருத்திதான் என்பதாலும், என் சம்பளத்தில் அடைக்க வேண்டிய வீட்டுக்கடன் இருந்ததாலும் நாங்கள் இருவரும் பேசித்தான் இந்த முடிவை எடுத்தோம். இரண்டு கோடை விடுமுறைகளில் மகளுடன் சென்று வந்ததைத் தவிர, மற்ற நாட்களெல்லாம் காலை ஆறரை மணி அழைப்பும் மாலை ஆறு மணி அழைப்புமாகவே எங்கள் குடும்ப வாழ்க்கை நடக்கிறது.

ஒருவழியாக எங்கள் தேதி வந்தது. கணவர் கிரீன் கார்டு பெறுவதற்கான ஐ-485 படிவத்தைத் தாக்கல் செய்தார். அந்தப் படிவத்தை அமெரிக்க மண்ணில் இருப்பவர் மட்டுமே கொடுக்க முடியும். நானும் மகளும் இங்கே இருப்பதால், அவருக்கு அனுமதி கிடைத்த பிறகு அதே பிரியாரிட்டி டேட்டில் அவரைப் பின்தொடரும் வழியில் செல்ல வேண்டும். அதற்கு ஐ-824 என்று வேறொரு படிவம் உண்டு. அதன் பின் எங்களுக்கான நேர்காணல் மும்பைத் துணைத் தூதரகத்தில் நடக்கும். ஆகவே ஒரே குடும்பத்தின் காகிதங்கள் இரண்டு நாடுகளில், இரண்டு அலுவலகங்களில், இரண்டு காலங்களில் சரிபார்க்கப்படும். ஓரிடத்தில் கொடுத்த எழுத்துக்கூட்டலும் தேதியும் மற்றோர் இடத்தில் கொடுப்பவற்றோடு ஒத்துப்போக வேண்டும். சேர்ந்து வாழும் குடும்பமாக இருந்தால் ஒரே மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பார்த்துவிடுவார்கள். எங்கள் காகிதங்களில் பாதி டாலஸில் ஒரு அலமாரியிலும் பாதி கடலூர் ஓ.டி. எனப்படும் பழைய நகரில் மாமியாரின் இரும்புப் பெட்டியிலும் இருந்தன.

கணவரின் விண்ணப்பத்துக்கு, கூடுதல் ஆதாரம் கேட்டு அமெரிக்கக் குடியேற்றத் துறையிலிருந்து கடிதம் வந்தது. அவருடைய பிறப்பு பதிவு செய்யப்படவே இல்லை. 1979இல் கடலூருக்குப் பக்கத்துக் கிராமத்தில், வீட்டிலேயே பிரசவம் நடந்திருக்கிறது. நாங்கள் அனுப்பியிருந்தவை பிறப்புப் பதிவு இல்லை என்ற சான்றும், ஒரேயொரு பிரமாணப் பத்திரமும், பள்ளி மாற்றுச் சான்றிதழின் மொழிபெயர்ப்பும்தான். அந்த மொழிபெயர்ப்பைக் கடலூரில் வேறொருவரிடம் செய்திருந்தோம். அவர் அச்சிட்ட வரிகளை மட்டும் ஆங்கிலப்படுத்திவிட்டு, வட்ட முத்திரையையும் ஓரத்தில் தலைமையாசிரியர் கையால் எழுதிய குறிப்பையும் விட்டுவிட்டார். மொழிபெயர்ப்பு முழுமையானதாக இருக்க வேண்டும். அது முழுமையானது, சரியானது என்றும், அந்த மொழியில் தமக்குத் தேர்ச்சி உண்டு என்றும் மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது அங்குள்ள விதி. அந்த உறுதிமொழியும் அதில் இல்லை. இத்தகைய கடிதத்துக்குப் பதில் அனுப்ப அதிகபட்சம் 84 நாட்களும், அஞ்சலுக்கென மேலும் சில நாட்களுமே கிடைக்கும். தவறினால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு ஒரு முத்திரையால் போய்விடுமோ என்று அன்றிரவு நான் தூங்கவில்லை.

உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் புதுச்சேரி அலுவலகத்துக்குப் போனேன். கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் வழியாகப் பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு ஓய்வூதியம் தொடர்பான காகிதங்களைப் பார்ப்பதுதான் அவர்களுடைய பழைய தொழில். முதல் நாள் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூதாட்டி, பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய தம் கணவரின் ஓய்வூதியத்துக்காக உயிர்வாழ் சான்றுடன் வந்திருந்தார். 1962இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிறகும், கடல் கடந்த வேலையும் அதற்கான காகிதமும் இந்த ஊரில் பல வீடுகளின் அன்றாடமாகவே தொடர்ந்திருக்கின்றன. அதனால்தானோ என்னவோ, அங்கே யாரும் என்னைப் பார்த்து, ‘இத்தனை வருஷமாவா தனியா இருக்கீங்க?’ என்று கேட்கவில்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மொழிபெயர்ப்பைப் பார்ப்பவர் ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி. நான் நீட்டிய காகிதங்களை அவர் உடனே தட்டச்சு செய்யத் தொடங்கவில்லை. எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து, ஒரு வெள்ளைத் தாளில் கட்டம் போட்டு, ஒவ்வோர் ஆவணத்திலும் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, ஊர், மாவட்டம் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. முடிவில் மூன்று இடங்களில் வட்டம் போட்டிருந்தார். என் பெயரின் நடுவே பாஸ்போர்ட்டில் ‘டி’, ‘எச்’ என்று இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. திருமணப் பதிவின் ஆங்கிலப் பகுதியில் ‘டி’ மட்டும்தான் இருக்கிறது. கணவரின் பள்ளிச் சான்றில் மாவட்டம் ‘தென்னார்க்காடு’ என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ‘கடலூர்’ என்று இருக்கிறது. திருமணச் சான்றில் அவர் பெயருக்கு முன்னால் ‘க.’ என்ற முதலெழுத்து மட்டும் உள்ளது. பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அவருடைய தந்தையின் முழுப்பெயராக விரிந்து, குடும்பப் பெயரின் இடத்தில் நிற்கிறது.

நம்மவர்களுக்கு இந்த முதலெழுத்துச் சிக்கல் தெரிந்ததுதான். தந்தை பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொள்ளும் நம் வழக்கம், குடும்பப் பெயர் கேட்கும் படிவங்களில் பொருந்துவதில்லை. மொழிபெயர்ப்பிலேயே அந்த முதலெழுத்தை விரித்து எழுதிவிடலாமே என்று கேட்டேன். ‘தமிழ்ல இல்லாததை இங்கிலீஷ்ல சேர்க்கக் கூடாது டீச்சர். அதுக்குத் தனியா பிரமாணப் பத்திரம் போடுவோம்’ என்றார். சொன்னபடியே மொழிபெயர்ப்பில் ‘க.’ அப்படியே ஓர் ஆங்கில எழுத்தாக நின்றது. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதைத் தனிப் பத்திரம் சொன்னது. மாவட்டத்தையும் அப்படியே ‘தென்னார்க்காடு’ என்று எழுதிவிட்டு, 1993இல் அந்த மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அந்த ஊர் இன்றைய கடலூர் மாவட்டத்தின் கீழ் வந்தது என்ற விளக்கத்தைப் பத்திரத்தில் சேர்த்தார். திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் நடந்த எங்கள் திருமணத்தின் ரசீதை, பதிவுச் சான்று இருப்பதால் தேவைப்படாது என்றுதான் நினைத்திருந்தேன். இருந்தாலும் வைத்திருங்கள் என்று அதையும் மொழிபெயர்த்துக் கொடுத்தார். ரசீதில் பாதி அழிந்திருந்த முத்திரையை, ‘வட்ட முத்திரை, ஒரு பகுதி தெளிவில்லை’ என்று அடைப்புக்குறிக்குள் குறித்திருந்தார். தெளிவில்லாததைத் தெளிவில்லை என்றே எழுதுகிற நேர்மையை நான் இதற்கு முன் எந்த ஆவண எழுத்தரிடமும் கண்டதில்லை.

பிறப்புக்கான பிரமாணப் பத்திரத்துக்கு, கணவர் பிறந்ததை நேரில் அறிந்தவர்கள் வேண்டும். மாமியாருக்கு எழுபத்தாறு வயது. அவருடைய மூத்த சகோதரி இன்னும் இருப்பதால் இரண்டாவது சாட்சிக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மாடிப்படி குறுகலானது, செங்குத்தானது. கைப்பிடியும் ஒரு பக்கம்தான். மாமியாரால் நான்கு படிக்கு மேல் ஏற முடியவில்லை. நான் மேலே போய்ச் சொன்னதும் அந்தப் பெண்மணி எழுத்துப் பலகையோடு இறங்கி வந்து, மருந்துக்கடை வாசலில் கிடந்த மர பெஞ்சில் மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ‘ஆயா, பிள்ளை பொறந்தப்போ கூட யாரெல்லாம் இருந்தாங்க?’ என்று தொடங்கினார். மாமியாருக்கு ஆங்கிலத் தேதி தெரியாது. தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரி முடிந்த மூன்றாம் நாள், விளக்கு வைக்கும் நேரம் என்று சொன்னார். அதை அவர் அப்படியே எழுதிக்கொண்டு, அந்த ஆண்டின் மாசி மகம் எந்தத் தேதியில் வந்தது என்பதை மேலே போய்ப் பஞ்சாங்கத்தில் பார்த்து, பள்ளிச் சான்றில் உள்ள பிறந்த தேதியோடு ஒப்பிட்டார். சரியாக இருந்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நாற்பத்தாறு ஆண்டுகளாகத் தாம் மட்டும் நினைவில் வைத்திருந்த ஒரு நாளை, இப்போது ஒருவர் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார் என்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு, டாலஸில் காலை ஏழரைக்கு, பத்திரத்தின் வரைவைக் கணவருக்குத் தொலைபேசியில் வாசித்தேன். அவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

அந்தப் பத்திரத்தில் சாட்சியின் முழுப்பெயர், முகவரி, அவர் பிறந்த தேதி, இடம், உறவுமுறை, நிகழ்ச்சியை எப்படி அறிந்தார் என்பன எல்லாம் இருந்தன. முதலில் நாங்கள் அனுப்பியதில் கடைசி விவரம் இல்லாததுதான் பெரிய குறை என்பது அதை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காவல்துறைச் சான்றையும் இப்போதே எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, மும்பை நேர்காணலுக்கு எவ்வளவு நாள் ஆகுமோ, சீக்கிரம் எடுத்தால் காலாவதியாகி மறுபடியும் எடுக்க நேரும் என்று தடுத்தார். வரவேண்டிய வருமானத்தை வேண்டாம் என்று சொன்னவர் அவர்.

கட்டணம் பக்கத்துக்கு 400 ரூபாய். ஏழு பக்கங்களுக்கு 2,800 ரூபாயும், இரண்டு பிறப்புப் பத்திரங்களுக்கும் ஒரு பெயர்ப் பத்திரத்துக்கும் முத்திரைத்தாள், நோட்டரி உட்பட 2,250 ரூபாயும் ஆயின. கடலூரில் கொடுத்ததைவிட இது அதிகம்தான். ஆனால் கட்டம் போட்டு ஒப்பிட்டுப் பார்த்த அந்த முக்கால் மணி நேரத்துக்கே அந்தப் பணம் தகும்.

இனி குறைக்கு வருகிறேன். முன்மேசையில் அமர்ந்து பணம் வாங்கும் உரிமையாளர், ஒவ்வொரு மொழிபெயர்ப்புக்கும் நோட்டரி முத்திரை கட்டாயம் என்றார். அதற்கு மேல், ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு இடும் அப்போஸ்டில் முத்திரையும் பெற்றுத் தருவதாகத் தனிக் கட்டணம் சொன்னார். பிரமாணப் பத்திரத்துக்கு நோட்டரி வேண்டும், சரி. மொழிபெயர்ப்புக்கு அமெரிக்கக் குடியேற்றத் துறை கேட்பது மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியை மட்டுமே. அப்போஸ்டிலையும் அவர்கள் கேட்பதில்லை. பிரான்சு நாட்டுக் காகிதங்களுக்குப் பழகிய நடைமுறையை எல்லோருக்கும் பொதுவாக்கிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். கணவர் கடிதத்தையும் படிவக் குறிப்பையும் படித்துச் சொல்லியிருந்ததால் நான் மறுத்துவிட்டேன். விவரம் தெரியாதவர்கள் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

பணத்தைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. மூன்றாம் முறை சென்றபோது பதின்மூன்று வயது மகளையும் அழைத்துச் சென்றிருந்தேன். அவளைப் பார்த்து அந்த உரிமையாளர், ‘கவலைப்படாத பாப்பா, ஆறே மாசத்துல அப்பாகிட்ட போயிடுவ’ என்றார். அன்பினால்தான் சொன்னார், அதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அவள் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து நாள்காட்டியில் ஆறு மாதம் தள்ளி ஒரு தேதியில் பேனாவால் கோடு போட்டாள். ஒன்பதாம் வகுப்பை எந்தப் பள்ளியில் படிப்பாள் என்று தோழிகளிடம் சொல்லிவிட்டாள். விசா புல்லட்டினில் தேதி முன்னே போவதும் உண்டு, பின்னே இழுக்கப்படுவதும் உண்டு. கணவருக்கு அனுமதி வந்த பிறகும் ஐ-824, காகிதங்களைச் சரிபார்க்கும் அமெரிக்க விசா மையம், மும்பை என்று ஒவ்வொரு படியும் தனித்தனியே காத்திருப்புதான். பிள்ளைக்கு 21 வயது ஆகி, பெற்றோரின் விண்ணப்பத்தோடு செல்லும் தகுதி போய்விடுமோ என்ற அச்சம் இந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அதற்காக 2002இல் கொண்டுவரப்பட்ட சட்டம் வயதைக் கணக்கிடும்போது சில நாட்களைக் கழித்துத் தருகிறது, அவ்வளவுதான். மகளுக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் இருக்கின்றன என்று நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தபோது, அவளிடம் ஒருவர் ஆறு மாதம் என்று சொல்லிவிட்டார். அந்தக் கோட்டை அழிக்கச் சொல்ல எனக்கு மூன்று வாரம் மனம் வரவில்லை. காகிதம் பார்ப்பவர்கள் காகிதத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும் என்று அடுத்த முறை அவரிடம் நேரிலேயே சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டார்.

பதில் ஆவணங்கள் 84 நாட்களில் ஐம்பத்தெட்டாம் நாளே டாலஸிலிருந்து அனுப்பப்பட்டன. பெற்றுக்கொண்டதாக அறிவிப்பு வந்திருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. ஐ-824 வரும்போது என் காகிதங்களுக்கும் மகளின் காகிதங்களுக்கும் நான் மறுபடி அதே மாடிக்குத்தான் போவேன்.

போக விரும்புவோருக்குச் சில விவரங்கள்: ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை மாலையில் கூட்டம் அதிகம்; காலை பத்தரைக்கு முன் சென்றால் அந்தப் பெண்மணிக்கு நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும். மூலச் சான்றுகளையும், வெளிநாட்டில் இருப்பவரின் பாஸ்போர்ட் நகலையும், அவர் ஏற்கெனவே தாக்கல் செய்த படிவங்களின் நகல்களையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். அவர் போடும் கட்டத்துக்கு அத்தனையும் வேண்டும். பணம் கட்டும் முன் எதற்கெல்லாம் நோட்டரி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். படி ஏற முடியாத பெரியவர்களைச் சாட்சிக்கு அழைத்துச் செல்வதானால், முன்னதாகவே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவர் கீழே வந்து எழுதிக்கொள்வார்.