கடைக்குள் சர்வரா, கிளவுடா?

கொழும்பு புறக்கோட்டையில் ஒரே ஒரு மொத்தக் கடை என்றால் சொந்த சர்வரே, அதாவது பில்லையும் இருப்புக் கணக்கையும் வைத்திருக்கும் கணினியே, போதும் என்பேன். முழுக் காசையும் முதலிலேயே போட வேண்டும். அப்புறம் யூபிஎஸ், ஏசி, பழுது பார்க்க ஆள். ஆனால் இணையம் போனாலும் பில் அடிக்கலாம், அது சின்ன விஷயமில்லை. தரவின் பிரதியை மட்டும் வெளியே வையுங்கள்.

வெள்ளவத்தையில் கிளை திறந்தால் கதை வேறு. கிளவுட் என்பது இணையம் வழியாகப் பயன்படுத்தும் வேறொரு நிறுவனத்தின் கணினி மையம். அங்கே ஒரு பெரிய இயந்திரத்தை மென்பொருளால் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். இரண்டு கடையும் ஒரே இருப்பைப் பார்க்கும். தீபாவளி, கிறிஸ்மஸ் சீசனுக்கு வாடகைக் கணினிகளைக் கூட்டி, தை பிறந்ததும் குறைக்கலாம். 2022இல் இலங்கையில் மின்வெட்டு 13 மணிநேரம் வரை போனபோதும் மும்பையிலோ சிங்கப்பூரிலோ கிளவுடில் இருந்த தரவுக்கு ஒன்றுமில்லை, கடையில்தான் இருட்டு. சரி, வில்லங்கம் எங்கே? கட்டணம் பெரும்பாலும் டொலரில். அதே ஆண்டு ரூபாய் விழுந்ததும் வாடகையும் ஏறியது.