நிறுத்தப்பட்ட ஒரு கியூபச் சுருட்டு: 16 ஆண்டுகள், 22 சுருட்டுகள், தீராத ஒரு குறை

பழைய சுருட்டுகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "உங்களிடம் இருக்கிற அதே 1997ஆம் ஆண்டுப் பெட்டி, பிரிக்காதது, ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. எடுக்கலாமா?" அவர் கேட்பதற்கு முந்தைய மாலைதான் என் பெட்டியின் 22ஆவது சுருட்டோடு முக்கால் மணி நேரம் போராடி, பாதிகூட எரியாத நிலையில் அதைச் சாம்பல் தட்டில் வைத்துவிட்டு எழுந்திருந்தேன். அந்தக் கோபத்தில் பதில் சொல்வது நியாயமில்லை என்று, 16 ஆண்டுகளாக எழுதிவந்த குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சுருட்டு இன்னது என்பதை அவர் அறிவார். மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 142 மில்லிமீட்டர் நீளமும் 42 ரிங் கேஜ் (ஒரு ரிங் கேஜ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு விட்டம்) பருமனும் கொண்ட, கொரோனா என்று பெயர் பெற்ற பழைய அளவு. பெட்டிக்கு 25. பருத்த சுருட்டுகளின் மேல் சந்தைக்கு மோகம் ஏறிய பிறகு ஒல்லியான அளவுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டபோது இதுவும் நின்றுபோனது. நான் பேசுவது என்னிடம் உள்ள ஒரே ஒரு பெட்டியின் குறையை என்பதால் பிராண்டின் பெயரைத் தவிர்க்கிறேன். பெட்டியின் அடியில் "தோதால்மென்தே அ மானோ", அதாவது முழுக்கக் கையால் செய்தது என்ற சூட்டு முத்திரையும், அதன் அருகே மையால் குத்திய ஓ, எல், எஸ், சி என்ற நான்கு எழுத்துகளும் இருக்கின்றன. அந்நாளில் கியூபாவில் தேதியை "நிவெலாகுசோ" (NIVELACUSO) என்ற பத்தெழுத்துச் சொல்லைக் கொண்டு மறைத்துக் குறித்தார்கள். முதல் எழுத்து 1, கடைசி எழுத்து 0. அப்படிப் படித்தால் 0597, அதாவது 1997 மே. பெட்டி என் கைக்கு வந்தபோது அதற்கு 12 வயது, இப்போது 28.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குறையிலிருந்து தொடங்கினால் நல்லதற்கு இடம் இல்லாமல் போய்விடும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெட்டியில் சரியாக இழுக்கும் ஒரு சுருட்டு வாய்த்தால், நான் இதுவரை புகைத்தவற்றில் அதற்கு நிகராக நிற்பவை மிகச் சில. எட்டு ஆண்டுகளுக்கு முன், பெட்டிக்கு 20 வயது நிரம்பிய சமயத்தில் புகைத்த 14ஆவது சுருட்டைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். பற்றவைக்கும் முன்னரே, நெருப்பு வைக்கும் அடிமுனையில் காய்ந்த வைக்கோலும் தேவதாருவும் கலந்த மணம். முதல் பகுதி முழுவதும் தோல் உரித்த பாதாமின் மெல்லிய இனிப்பு. நடுப்பகுதியில் அது தேன்மெழுகின் வாசனையாக மாறி, புகையை வெளியே விட்ட பிறகும் அண்ணத்தில் வெகுநேரம் தங்கியது. கடைசிப் பகுதியில்தான் மிளகின் கார்ப்பு எழுந்தது; அதுவும் நாக்கைச் சுடாமல், தொண்டையின் விளிம்பில் மட்டும். சாம்பல் இரண்டு விரற்கடை நீளத்துக்கு உதிராமல் நின்றது. விரலைச் சுடும்வரை நான் அதைக் கீழே வைக்கவில்லை.

வயது செய்யும் வேலை இது. புளிக்கவைத்த இலையில் எஞ்சியிருக்கும் அம்மோனியா மெல்ல வெளியேறுகிறது. இலையின் கடுப்பும் துவர்ப்பும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. உள்ளே வைத்த வெவ்வேறு இலைகளின் எண்ணெய்கள் ஒன்றோடொன்று கலந்து, தனித்தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாத ஒரே சுவையாகின்றன. 12 வயதில் நான் புகைத்த முதல் சுருட்டைப் பற்றி "மிளகு அதிகம், இரண்டாம் பாதியில் தலை லேசாகக் கிறுகிறுத்தது" என்று எழுதியிருக்கிறேன். அதே பெட்டியிலிருந்து எட்டு ஆண்டுகள் கழித்து வந்தது அந்தத் தேன்மெழுகு. காத்திருந்ததற்குக் கிடைத்த கூலி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

இனிக் குறை. இழுப்பு.

புகைத்த 22இல் 13 நன்றாக இழுத்தன, 4 கன்னம் குழிய இழுத்தால் மட்டும் புகை தந்தன, 5 அடைத்துக்கொண்டன. அடைப்பு என்றால், பற்றவைக்காமல் இழுத்துப் பார்க்கும்போதே அடிமுனையை யாரோ விரலால் பொத்திக்கொண்டிருப்பது போன்ற அடைப்பு. ஐந்தில் ஒன்றுக்கும் மேல் வீண். புதிய சுருட்டு என்றால் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். இது மறுபடி செய்யப்படாத சுருட்டு. அடைத்துக்கொண்ட ஒவ்வொன்றும், உலகில் எஞ்சியிருப்பவற்றில் ஒன்றைச் சுவைக்காமலே இழப்பது. எனக்கு ஆற்றாமை அங்கேதான்.

காரணத்தைக் கணக்காகவே சொல்லலாம். ரொபுஸ்தோ என்ற குட்டையான பருத்த அளவுக்கு 50 ரிங் கேஜ்; அதன் விட்டம் ஏறத்தாழ 19.8 மில்லிமீட்டர், 42 ரிங் கேஜ் கொரோனாவின் விட்டம் 16.7. விட்டத்தில் சிறிதாகத் தெரியும் இந்த வித்தியாசம் குறுக்குவெட்டுப் பரப்பில் பெரிதாகிவிடுகிறது: கொரோனாவுக்குள் இருக்கும் இடம் ரொபுஸ்தோவில் இருப்பதில் 70 சதவீதம்தான். ஆனால் வலுவுக்கு லிஹேரோ, மணத்துக்கு செக்கோ, சீராக எரிவதற்கு வொலாதோ என்ற மூன்று வகை இலைகளும் அந்த இடத்துக்குள்தான் அடங்க வேண்டும். நீளமோ ரொபுஸ்தோவைவிட 18 மில்லிமீட்டர் கூடுதல். பருத்த சுருட்டில் அரை இலை கூடிப்போனால் யாருக்கும் தெரியாது. இதில் அதே அரை இலை மூச்சை அடைத்துவிடும். ஒவ்வோர் இலையையும் விசிறிபோல் மடித்து இடையே காற்றுவழி விட வேண்டும். அவசரத்தில் புத்தகத்தின் தாள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சுருட்டினாலோ, சுருட்டும்போது உள்ளிலைக் கட்டு ஒரு முறை முறுக்கிக்கொண்டாலோ, அந்த இடத்தில் வழி மூடிக்கொள்ளும்.

1990களின் பிற்பாதியில் உலகெங்கும் சுருட்டுக்கு ஒரு பெரும் மோகம் வந்ததையும், அதை ஈடுகட்டக் கியூபாவில் புதிய கைகள் பல வேகமாகப் பழக்கப்பட்டதையும் இங்கே நினைக்க வேண்டும். இழுப்பை அளக்கும் பொறிகள் அங்குள்ள ஆலைகளுக்கு வந்தது 2000க்குப் பிறகுதான். 1997இல் சுருட்டுபவரின் விரலும் மேற்பார்வையாளரின் விரலும் மட்டுமே அளவுகோல். நாளெல்லாம் பலகையின் முன் அமர்ந்து எண்ணிக்கையை நிரப்பியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே கைகள் செய்த 13 சுருட்டுகள் எனக்கு மறக்க முடியாத மாலைகளைத் தந்திருக்கின்றன. ஆனாலும் 22ஆவது சுருட்டு கையில் இருந்த நேரத்தில் இந்த நியாயம் எதுவும் என் நினைவில் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்தச் சுருட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். வாயில் வைக்கும் தலைப்பக்கத்தை வெட்டி இழுத்துப் பார்த்தேன், காற்று வரவில்லை. இன்னும் சற்றுக் கீழே வெட்டலாம் என்றால் மூடியிலை ஒட்டியிருக்கும் வளைவைத் தாண்ட வேண்டும். தாண்டினால் 28 ஆண்டு காய்ந்த மேலிலை பிரிந்துகொண்டு வந்துவிடும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மெதுவாக உருட்டிக்கொண்டே வந்தபோது, காகித வளையத்துக்கு ஒரு விரற்கடை கீழே பயறளவு கெட்டியாக ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. ஓரங்களில் நுண்ணிய பற்கள் வைத்த நீள ஊசியைத் தலைவழியாகச் செலுத்தி, அந்த இடத்தில் மெல்லத் திருகி வெளியே எடுத்தேன். பற்களில் இலைத்துணுக்கோடு கருத்த நரம்புத் துண்டு ஒன்றும் சிக்கி வந்தது. உள்ளே வைக்கும் முன் கிழித்து நீக்கியிருக்க வேண்டிய நடுநரம்பு அது.

வழி திறந்தது என்னவோ உண்மை. ஆனால் ஊசி போட்ட துளை நேராக நடுவில் ஓடியதால் நெருப்பும் அதன்வழியே உள்ளே இறங்கியது. ஓரங்கள் எரியாமல் நிற்க, நடு மட்டும் குழிந்தது. புகை சூடேறிக் கசந்தது. மூன்று முறை அணைந்தது, மூன்று முறை பற்றவைத்தேன். நான்காம் முறை பழைய சாம்பலின் நெடி தவிர வேறு சுவை இல்லை. பாதாமும் தேன்மெழுகும் அந்த இலையில் இருந்தன, எனக்குத் தெரியும், எட்ட முடியவில்லை.

பராமரிப்பில் குறையா என்று நண்பர் கேட்கக்கூடும் என்பதால் அதையும் சொல்கிறேன். 18 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் 16 ஆண்டுகளில் பெரிதாக ஏறி இறங்கியதில்லை. ஈரமானியை ஆண்டுக்கு ஒரு முறை, நனைத்த சமையல் உப்போடு மூடிய டப்பாவில் வைத்து, முள் 75இல் நிற்கிறதா என்று சரிபார்க்கிறேன். அரைகுறையாக இழுத்த நான்கில் மூன்றைப் பிறகு தேற்றவும் முடிந்தது: ஈரப்பதம் 60க்குச் சற்று மேல் இருக்கும் வேறு பெட்டியில் இரண்டு வாரம் வைத்தேன், இலை சற்றுச் சுருங்கியதும் காற்று போக இடம் கிடைத்து, புகைக்கும் நிலைக்கு வந்தன. முடிச்சு விழுந்தவற்றில் இந்த முறை பலிக்கவில்லை. வயது இலையின் காரத்தைத் தணிக்கிறது, முறுக்கைத் தளர்த்துவதில்லை. "பழசாகட்டும், சரியாகிவிடும்" என்று இறுகிய சுருட்டுகளைப் பத்திரப்படுத்தி வைப்பவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள். நானும் 16 ஆண்டுகள் மறுத்தேன்.

இன்னொன்றும் உண்டு. கடந்த நான்கைந்து ஆண்டுகளாகக் குறிப்புகளின் நீளம் குறைந்துகொண்டே வருகிறது. 19ஆவதும் 20ஆவதும் நன்றாகவே இழுத்தன. ஆனால் முதல் பகுதி நீர்த்திருந்தது. பாதாம் மணம் வந்த இடத்தில் வெறும் மரத்தின் மணம். கடைசிப் பகுதியின் ஆழம் மட்டும் அப்படியே இருந்தது. என் கணிப்பில் இந்தச் சுருட்டின் உச்சம் 20க்கும் 24க்கும் இடைப்பட்ட வயது. பருத்த சுருட்டு இன்னும் தாக்குப்பிடித்திருக்கலாம். ஒல்லியான உடலில் இலையும் குறைவு, சேமிப்பும் குறைவு.

ஆகவே நண்பருக்கு என் பதில்: எடுக்க வேண்டாம். 22இல் 13 நல்லவை, அவற்றில் நான்கைந்து ஈடு இணை இல்லாதவை என்று மேலே எழுதியதெல்லாம் உண்மை. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் எடுக்கலாம் என்றே முடிவு செய்வார். 14ஆவது சுருட்டு முடிந்த மறுநாள் கேட்டிருந்தால் நானும் பெட்டியை உடனே எடுக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் பிரிக்காத பெட்டியில் எது முடிச்சு விழுந்தது என்று வெளியிலிருந்து தெரியாது, உச்சமும் கடந்துவிட்டது, அந்த நரம்புத் துண்டு இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. பழைய கொரோனாதான் வேண்டும் என்றால், பெட்டியாக எடுக்காமல், ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்க்க விடுபவரிடம் இரண்டோ மூன்றோ மட்டும் எடுக்கட்டும்.

என்னிடம் மூன்று எஞ்சியிருக்கின்றன. இன்று காலை மூன்றையும் வெளியே எடுத்து, தலையிலிருந்து அடிவரை உருட்டிப் பார்த்தேன். இரண்டு சீராக அமுங்கின. மூன்றாவதில் வளையத்துக்கு அடியில் ஓர் இடம் கெட்டியாக இருக்கிறது. அதை ஈரம் குறைந்த பெட்டிக்கு மாற்றியிருக்கிறேன். இரண்டு வாரம் கழித்து முதலில் பற்றவைக்கப்போவது அதைத்தான்.