கம்புத் தட்டா, தண்ணீர்ச் சட்டியா?

நட்சத்திர விளக்கு கட்டத் தொடங்கியதுமே எங்கள் தெருவில் ரெண்டு பேர் கேட்டுவிட்டார்கள், லீவுக்குப் பிள்ளைகள் வருவதற்குள் தோட்டத்துக்குக் குருவி வரவைக்க என்ன செய்யலாம் என்று. ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரெண்டு வேம்பு, ஒரு முருங்கை, வேலியோரம் பூவரசு, அவ்வளவுதான். இங்கே மூன்று வருஷமாகத் தானியமும் வைத்துப் பார்த்தேன், தண்ணீரும் வைத்துப் பார்த்தேன். இந்த மாதத்துக்குத் தண்ணீர்ச் சட்டிதான் என்பது என் முடிவு.

தானியத்தின் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிட்டுக்குருவி மட்டும் போதும் என்றால் கம்பை மிஞ்ச ஒன்றுமில்லை. கம்பும் நொய்யும் கலந்து வைத்தால் சில நாளிலேயே பழகிவிடும், புறா வரும், அணில் வரும், காகம் கேட்காமலே வரும். செலவும் பெரிதில்லை. முறுக்குத் தூள், மிக்சர் மாதிரி உப்புப் பண்டத்தைப் போடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் பலகாரம் சுடும் வாரத்தில் பிள்ளைகள் கையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்வாரத்தில் நெற்கதிர்க் கொத்து கட்டும் பழைய வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் நம் மாவட்டத்தில் மழையை நம்பி விதைத்த நெல் தை, மாசியில்தான் அறுவடைக்கு வருகிறது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் புதுக்கதிருக்கு எங்கே போவது?

சிக்கல் மழைதான். நமக்கு வருஷத்தில் பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து, மிச்சம் மார்கழி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். காலையில் வைத்த கம்பு ஒரு தூறலில் ஊதிப்போகும், மறுநாள் புளித்த வாடை, மூன்றாம் நாள் தட்டின் ஓரத்தில் முளை விட்டு நடுவில் பச்சையாகப் பூசணம் பிடித்து நிற்கும். பூசணம் பிடித்த தானியம் பறவைக்கு நோயைத்தான் கொடுக்கும். கூரைக்கடியில் மாற்றி வைத்தேன், நனையவில்லை, சரி. ஆனால் சிந்தினதைத் தின்ன ராத்திரியில் எலி வந்தது, எலியைத் தேடிச் சாரை வந்தது. பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "தம்பி, நீ குருவிக்குப் போடுற, அது எங்க அடுப்படி வரைக்கும் வருது" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அன்றைக்கே தட்டை எடுத்துவிட்டேன்.

மழைக்காலத்தில் தண்ணீர் எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. இது மணல் பூமி, எவ்வளவு பெய்தாலும் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். ரெண்டு நாள் வெயில் அடித்தால் பறவை வாய் வைக்க நல்ல தண்ணீர் பக்கத்தில் கிடையாது. எங்கள் கிணறு உவர். அந்தத் தண்ணீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் சட்டியின் உள்பக்கம் வெள்ளையாக உப்புப் பூத்துவிடுகிறது. அதனால் வண்டியில் வரும் குடிதண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். சட்டிக்குத் தினம் ரெண்டு லிட்டர், ஆக வாரத்துக்கு ஒரு குடம். மழை பிடித்து வைத்தால் அந்தச் செலவும் இல்லை.

சட்டி மண்ணாக இருக்கட்டும். பிளாஸ்டிக் தட்டில் கால் வழுக்கும், பறவை ஓரத்திலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆழம் ரெண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல். பூனை பதுங்கும் செடிக்கு ஆறடி தள்ளி வையுங்கள்.

இதிலும் வேலை உண்டு, அதை மறைக்க மாட்டேன். கழுவ வேண்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் போதும் என்றுதான் நானும் முதல் வருஷம் நினைத்தேன். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில்தான் முட்டையை ஒட்டி வைக்கும். அந்த முட்டை காய்ந்தாலும் சாகாது, மாதக்கணக்கில் அப்படியே கிடந்து தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தினமும் தண்ணீரை மாற்றி, ஒன்றுவிட்டு ஒரு நாள் தேங்காய் நாரால் உள்சுவரைச் சுரண்டித் தேய்க்க வேண்டும். சோப்பு வேண்டாம். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதனால் இந்தக் கணக்குத் தப்பாது. எனக்கு ஐந்து நிமிஷம் ஆகிறது. பூசணத் தட்டோடும் எலியோடும் மல்லுக்கட்டியதற்கு இது எவ்வளவோ தேவலை. ஊருக்குப் போகிற நாளில் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டால் முடிந்தது. தானியத்தை நிறுத்திய பிறகும் எலி நின்றபாடில்லை, அதற்கு ஒரு மாதம் ஆனது.

அப்புறம் வரவு. தானியத்துக்கு வருவது ஊர்ப் பறவைதான். ஆனால் இந்த மாதத்தில் வடக்கிலிருந்து வலசை வந்து நம் கரையில் இருக்கும் விருந்தாளிகள் வேறு: மாங்குயில், பழுப்புக் கீச்சான், அரசவால் ஈப்பிடிப்பான், ஆறுமணிக்குருவி. எல்லாம் பூச்சி புழுவையும் பழத்தையும் நம்பிப் பிழைப்பவை, கம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. தண்ணீருக்கு வரும். போன வருஷம் அரசவால் ஒன்று முருங்கைக் கிளையிலிருந்து நேராகச் சட்டிக்குள் பாய்ந்து, நனைந்து, அதே கிளைக்குப் போய் உதறிக்கொண்டு, மறுபடியும் பாய்ந்தது. நான்கு தடவை.

ஆறுமணிக்குருவியை ஒரே ஒரு முறைதான் அங்கே பார்த்தேன். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே இலங்கை வரைக்கும் ராத்திரியில் பறந்து போகிற பறவை. பொழுது சாயும் நேரம், வேப்பஞ்சருகைக் கிளறிக்கொண்டே தத்தித் தத்திச் சட்டிப் பக்கம் வந்தது. பச்சை முதுகு, கண்ணை மறைக்கிற மாதிரி கறுப்புப் பட்டை, குட்டை வால் மேலும் கீழும் ஆடுகிறது, வாலடியில் குங்குமச் சிவப்பு. தண்ணீருக்குத்தான் வந்ததா, சருகடியில் இருந்த புழுவுக்கு வந்ததா என்று ஒரு தடவை பார்த்ததை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து அந்த மூலையில் சருகைக் கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.

பிள்ளைகளுக்கு நோட்டும் பென்சிலும் கொடுத்துப் பதினைந்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். பொங்கலுக்குத் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ள இதே பழக்கம் போதும். இன்று காலை என் மகள் எழுதியது: தவிட்டுக்குருவி 7, சிட்டு 4, மைனா 2, அணில் 1. அணிலைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொன்னேன், அதுவும் தண்ணீர் குடித்ததே என்று விட்டுவிட்டாள்.